உறை பிரிக்காத படம்

பழைய புத்தகக் கடைக்காரர்களில் இரண்டு ரகம் உண்டு. விற்பதைப் படித்துப் பார்ப்பவர்கள் ஒரு ரகம். அவர்களுக்கு எதையும் விற்க மனசு வராது, சீக்கிரமே கடையை மூடிவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அட்டையைத் தாண்டி உள்ளே போகாதவர்கள் இன்னொரு ரகம், பிழைக்கத் தெரிந்தவர்கள். மேம்பாலத்துக்கு அடியில் கடை வைத்திருந்தவர் இரண்டாவது ரகம். வரலாற்றுப் புத்தகம், வரலாற்றுப் பட டிஸ்க், நாடகப் புத்தகம், நாடகப் பட டிஸ்க் எல்லாவற்றையும் பாலத்துப் படிக்கட்டுக்குக் கீழே ஒரே அலமாரியில் கலந்துகட்டி அடுக்கியிருந்தார். இதையெல்லாம் பிரித்து வைக்கக் கூடாதா என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அந்தத் தெருவில் பிரசித்தம்.

"வரலாறுன்னு வாங்கிட்டுப் போனவங்க, இது கட்டுக்கதைன்னு திருப்பிக் கொண்டு வர்றாங்க. கதைன்னு வாங்கிட்டுப் போனவங்க, இதெல்லாம் நிஜமா நடந்துச்சான்னு கேக்க வர்றாங்க. எனக்கு எதுக்கு வம்பு? எல்லாம் ஒண்ணாவே கெடக்கட்டும்."

கத்திரியக்காவுக்கு அந்த அலமாரி பிடிக்கும். அவள் சினிமாவிலும் டிவி தொடர்களிலும் எடிட்டர். ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தில் தொழிலுக்கு வந்தவள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது, ஆனாலும் கத்திரி என்ற பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அறுபதை நெருங்குகிறாள், முட்டி வலி உண்டு. வேலை முடிந்து போகும்போது அங்கே இறங்கி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அலமாரி முன்னால் உட்கார்ந்துகொள்வாள். வாளை உருவிக்கொண்டு நிற்கும் ராஜாக்கள், நெற்றியில் கைவைத்து அழும் ராணிகள், மூன்று பாகமாக வந்து இரண்டாம் பாகம் மட்டும் காணாமல் போன உலகப் போர், பதவி போன பிறகு நல்லவராகிவிட்ட தலைவர்களின் தன்வரலாறு என்று ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். பார்ப்பவர்களுக்கு ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள் என்று தோன்றும்.

அவள் தேடுவது ஒரே ஒரு புத்தகத்தை. கிடைத்தாலும் வாங்கமாட்டாள். பேராசிரியர் ஒருவர் ரயில்வேயைப் பற்றி எழுதிய தடித்த வரலாறு அது. கல்லூரிகளில் பாடமாக வைத்திருந்ததால் பழைய புத்தகக் கடைகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. நடுவில் ஒரு பக்கத்தில், ஒரு சந்திப்பு நிலையத்தில் சரக்கு வண்டியும் பயணிகள் வண்டியும் மோதிய விபத்தைப் பற்றி ஒரு வரி வரும்: "சிக்னல்மேனின் கவனக்குறைவே இதற்குக் காரணம்." அந்தப் பக்கம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வரும். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக "தவறு" என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். எத்தனை கடையில், எத்தனை பிரதியில் எழுதியிருக்கிறாளோ அவளுக்கே தெரியாது. அந்த சிக்னல்மேன் அவள் அப்பா.

அப்பா லீவரைச் சரியாகத்தான் போட்டார். கைகாட்டியை இழுக்கும் கம்பி சிக்கி, கைகாட்டி ஏறாமல், வண்டி வரலாம் என்று காட்டி இறங்கியபடியே நின்றுவிட்டது. கம்பி தளர்ந்து கிடக்கிறது என்று அவர் பலமுறை எழுதிக் கொடுத்திருந்தார். கைகாட்டி ஏறவில்லை என்று கண்டதும் சிவப்பு விளக்கைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடினார். எட்டவில்லை. விசாரணை செய்த பெரிய மனிதர்களுக்கு, கம்பியைக் குற்றம் சொன்னால் கம்பிக்கு மேலே யார் என்று கேள்வி வரும். சிக்னல்மேனுக்கு மேலே கேள்வி கேட்க யாரும் இல்லை. வேலை போனது. அதன் பிறகு அப்பா வீட்டில் அந்த விபத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் "ரயிலைக் கவுத்தவர் பிள்ளைங்க" என்ற பட்டத்தோடு பள்ளிக்கூடம் போய் வந்தார்கள்.

அன்றைக்கும் அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. திருத்திய பதிப்பு. திருத்தியிருந்தார்கள், அட்டையை. அவள் பென்சில் வேலையை முடித்து, புத்தகத்தைத் திரும்பச் செருகப் போனபோது பக்கத்திலிருந்த பட டிஸ்க்கைப் பார்த்தாள். அட்டையில் ரயில் படம் இருந்ததால் கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தார் போலிருக்கிறது. அது அவளே எடுத்த படம். அப்பாவைப் பற்றியது.

கண்ணாடித்தாள் உறை கூடப் பிரிக்கவில்லை. உறைக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "பெரியண்ணனுக்கு, அப்பா நினைவாக" என்று அவள் கையெழுத்து. சீட்டும் கிழியவில்லை, உறையும் கிழியவில்லை. அப்படியே புது மெருகு.

பெரியண்ணன் காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். அண்மையில்தான் சின்ன வீட்டுக்குக் குடிபோனார். இடம் போதவில்லை, பழைய சாமானையெல்லாம் ஒழித்துக்கட்டிவிட்டேன் என்று போனில் பெருமையாகச் சொல்லியிருந்தார். ஒழித்துக்கட்டியதில் இதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சீட்டைத் தடவிப் பார்த்தாள்.

அந்தப் படத்துக்காக அவள் பதினோரு வருஷம் செலவழித்தாள். பகலில் யார் யாருடைய குடும்பத் தகராறுத் தொடர்களையோ வெட்டி ஒட்டிவிட்டு, கிடைத்த நேரத்தில் இதைச் செய்தாள். ரயில்வேயில் கிழடு தட்டிப் போயிருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தாள். அப்பா எழுதிக் கொடுத்த புகார்களின் நகல்களை யார் யார் காலிலோ விழாத குறையாக வாங்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் குரல் இருந்தது. சாகிறதுக்கு முந்தின வருஷம், அவளிடம் மட்டும், டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். அந்த ஒரு தடவைதான். அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி முடிக்கும்போது நாடா மக்கி அறுந்துபோனது. பரவாயில்லை, குரலைப் படத்துக்குள் ஏற்றியாகிவிட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

வெளியீட்டு விழாவுக்கு வாடகைக்குக் கூடம் பிடித்தார்கள். முழுப் படத்தையும் அங்கே போட நேரம் இல்லை, பேசுகிறவர்கள் அதிகம். அதனால் இரண்டு நிமிட முன்னோட்டத்தை மட்டும் திரையில் காட்டிவிட்டு, டிஸ்க்கைக் கையில் கொடுத்தார்கள். முன்னோட்டத்தில் முதலில் இருட்டு, அப்புறம் சிவப்பு விளக்கைப் பிடித்தபடி நடுங்கும் ஒரு கை, அப்புறம் தண்டவாளம், கடைசியில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு "அன்னைக்கு நடந்தது என்னன்னா..." என்று தொடங்குவார். அந்த இடத்தில் சரக்கென்று வெட்டியிருந்தாள். மீதியைக் கேட்க எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படத்தைப் போடுவார்கள் என்று கணக்கு. தொழில் தெரிந்தவள் அல்லவா.

பாராட்டு வந்து குவிந்தது. சொந்தக்காரர்கள், ஸ்டுடியோக்காரர்கள், பெரியண்ணனின் ஆபீஸ் சகாக்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். அந்த விளக்கைப் பிடித்த கை இருக்கிறதே, அது போதும் என்றார்கள். கண் கலங்கிவிட்டது என்றார்கள். பெரியண்ணன் குடும்ப விருந்து ஒன்றில் கரண்டியால் டம்ளரைத் தட்டி எல்லோரையும் அமைதியாக்கிவிட்டு, படத்தை இரண்டு தடவை பார்த்ததாகவும் இரண்டு தடவையும் தேம்பி அழுததாகவும் பேசினார். எல்லோரும் ஒரே கையையே ஏன் புகழ்கிறார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. பாராட்டுகிறவனிடம் போய் யார் குறுக்கு விசாரணை நடத்துவார்கள்.

இப்போது தோன்றியது. சரி, இந்த ஆள் பார்க்கவில்லை, மற்றவர்களாவது பார்த்தார்களே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போனாள். அதை அந்த அலமாரியில் விட்டுவிட்டு வர அவளால் முடியாது.

கடைக்காரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. டிஸ்க் எதுவானாலும் போட்டுக் காட்டாமல் விற்கமாட்டார். வீட்டுக்குப் போய் ஓடவில்லை என்று திரும்பி வந்து நின்றால் அவருக்குப் பிடிக்காது. மேசை மேல் ஒரு சின்ன டிவி அதற்கென்றே இருந்தது. வேண்டாம், நான் எடுத்த படம்தான் என்று அவள் சொன்னாள். யார் எடுத்த படமாக இருந்தாலும் ஓடணும் இல்லையா என்று அவர் உறையைக் கிழித்து டிஸ்க்கை உள்ளே தள்ளினார்.

இருட்டு வரவில்லை. விளக்கு வரவில்லை. பளிச்சென்று வெளிச்சம் போட்ட ஒரு பெரிய கிடங்கு வந்தது. மஞ்சள் நிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. தலைக்கவசம் போட்ட ஒருவர், பளு தூக்கும் வண்டியை இயக்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை என்று ஆரம்பித்தார். கடைக்காரர் கொஞ்சம் தள்ளி ஓட்டினார். மஞ்சள் வண்டி பெட்டிகளைத் தூக்கியது. இன்னும் தள்ளினார். இறக்கியது.

"இதை எந்தத் தட்டுல வெக்கிறதுன்னு எனக்கே தெரியலியேம்மா. வரலாறா, நாடகமா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் காசை வைத்துவிட்டு டிஸ்க்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இது ஒன்று மட்டும் மாறியிருக்கும், ஆயிரத்தில் ஒன்று அப்படி ஆகும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டில் மிச்சமான டிஸ்க்குகள் ஒரு அட்டைப் பெட்டியில் இருந்தன. வருஷக்கணக்காக அதன் மேல் டேபிள் ஃபேனை வைத்திருந்தாள். ஃபேனை இறக்கிவிட்டுப் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துப் போட்டாள். மஞ்சள் வண்டி. அடியிலிருந்து ஒன்றை உருவிப் போட்டாள். மஞ்சள் வண்டி. ஓரத்திலிருந்து, நடுவிலிருந்து என்று மாற்றி மாற்றிப் போட்டாள். தலைக்கவசக்காரர் ஒவ்வொரு தடவையும் அலுக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டிஸ்க் அடித்துக் கொடுத்த இடத்தில் இரண்டு ஆர்டர்களை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அட்டை அவளுடையது, உள்ளே எவனோ ஒரு கிடங்குக் கம்பெனியின் பயிற்சிப் படம். அப்படியென்றால் அந்தக் கம்பெனியின் அட்டைக்குள் அவள் அப்பா போயிருக்க வேண்டும். அங்கிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. அங்கேயும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது. டிஸ்க் அடித்த அந்த இடத்தையும் இழுத்து மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

அவள் ஏன் ஒரு டிஸ்க்கைக் கூடப் போட்டுப் பார்க்கவில்லை என்று கேட்கலாம். எடிட்டர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே காட்சியை ஆயிரம் தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவர்கள், படம் கையை விட்டுப் போன பிறகு அது இருக்கும் பக்கமே திரும்பமாட்டார்கள். சமைத்தவளுக்குச் சாப்பிடப் பிடிக்காது என்பது போலத்தான். கணினியில் கடைசியாக ஒரு தடவை பார்த்து, சரி என்று அனுப்பினாள். அதோடு சரி.

இன்னொன்றும் அவள் செய்திருந்தாள்.

பேராசிரியருக்கு ஒரு டிஸ்க் அனுப்பியிருந்தாள். நீண்ட நாள் கழித்து அவரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. படத்தை முழுமையாகப் பார்த்தேன், தங்கள் தந்தையின் தரப்பைக் கவனமாக எடைபோட்டேன், மகளின் பாசம் நெகிழ வைக்கிறது, இருப்பினும் என் முடிவை மாற்றிக்கொள்ளப் போதிய காரணம் தென்படவில்லை என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அவள் உள்ளுக்குள் உடைந்துபோனாள். அப்பா நேரில் வந்து சொல்லியும் நம்பவில்லையென்றால், தப்பு தன் படத்தில்தான் இருக்க வேண்டும், தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று முடிவுக்கு வந்தாள். அந்த வாரமே ஸ்டுடியோவில் ஒரு தொடருக்கு ஹார்ட் டிஸ்க் பற்றாக்குறை வந்தது. வேலை முடிந்த படத்தை அழித்துவிட்டு அதிலேயே அடுத்த வேலையை ஏற்றுவது அங்கே வழக்கம். அலமாரியில் வைத்திருந்த தன் படத்தின் ஒரே ஹார்ட் டிஸ்க்கை அவளே எடுத்துக் கொடுத்தாள். டிஸ்க்தான் பெட்டி பெட்டியாக இருக்கிறதே என்று நினைத்தாள். அப்பாவின் குரல் இருந்த இடத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் ஐந்நூறு பகுதிகள் சண்டை போட்டார்கள்.

அவள் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அந்தப் பேராசிரியரைத் திட்டினாள். மஞ்சள் வண்டியை எடைபோட்டானாம். முழுமையாகப் பார்த்தானாம். பாசம் தெரிந்ததாம், எதில், பெட்டியைத் தூக்குவதிலா இறக்குவதிலா? இத்தனை பேரில் ஒருவர்கூடவா பார்க்கவில்லை? சிலர் பார்க்க ஆரம்பித்திருக்கலாம். நாலு நிமிஷம் பார்த்துவிட்டு, கலைப்படம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, கடைசியில் இந்த வண்டிக்கு ஏதாவது அர்த்தம் வரும் என்று நிறுத்தியிருக்கலாம். அவர்களும் கண் கலங்கியதாகத்தான் சொன்னார்கள்.

பெரியண்ணனுக்குப் போன் போட்டாள். சுகம் விசாரித்தாள். ஒருத்தர் கேட்டார், அதனால் கேட்கிறேன் என்று பொய் சொல்லி, அப்பா படத்தில் அவருக்கு எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. அந்த விளக்கைப் பிடித்த கை என்றார். அதற்கு ஈடே இல்லை என்றார்.

"கடைசில அந்த மஞ்ச வண்டி வருமேண்ணா. அது?"

"அத மறக்க முடியுமா பாப்பா? அந்த எடத்துலதான் நான் ஒடஞ்சே போயிட்டேன்."

அவள் சரிண்ணா என்று சொல்லிப் போனை வைத்தாள். திட்டவேண்டும் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த நொடியில் அவளுக்குத் தம்பியின் ஞாபகம் வந்துவிட்டது.

சின்னவன் என்று வீட்டில் கூப்பிடும் தம்பி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். அப்பா வேலை போய் வீட்டோடு உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் கூடவே திரிந்தவன் அவன்தான். படம் வந்த மாதத்தில் பெரியண்ணன் அவளுக்குப் போன் செய்து ஒரு புகார் சொன்னார். "உன் தம்பி சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, படத்த நிஜமாவே பாத்தீங்களா, உள்ள என்ன இருந்துச்சுன்னு வக்கீல் மாதிரி கேக்குறான். எங்கிட்டயே கேட்டான்னா பாத்துக்க. உன் படத்துக்கு இவ்வளவு பேர் வந்தது அவனுக்குப் பொறுக்கல." அண்ணியும் பின்னாலிருந்து ஆமாம் போட்டாள். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். எல்லோருக்கும் அவன் மேல் ஒரே கோபம். தங்கள் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவானோ என்று பயந்தவர்களின் கோபம் அது என்று அவளுக்கு அப்போது எங்கே தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கையில் ஒரு பை. படத்தைப் பற்றி ஒரு விஷயம் என்று வாசலிலேயே ஆரம்பித்தான். அவள் பேசவிடவில்லை. வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்றாள். அப்பாவுக்காக நீ ஒரு துரும்பையாவது நகர்த்தினாயா, நான் நகர்த்தினால் உனக்கு ஏன் மூக்கு வேர்க்கிறது என்றாள். அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான். இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே என்று கதவைச் சாத்தினாள். அவன் மிதிக்கவில்லை. ஏழெட்டு வருஷம் ஓடிப்போயிற்று. அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, அவள் போகவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் அவனுடைய பட்டறைக்குப் போனாள். கதவில்லாத ஃப்ரிட்ஜ்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. அவன் ஃப்ரிட்ஜ் ஒன்றைக் குப்புறக் கவிழ்த்துப் பின்பக்கத்துக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் தீயை அணைத்தான். மரப்பெட்டி ஒன்றைத் துணியால் தட்டி அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். வாங்காமல் அட்டையை மட்டும் பார்த்தான்.

"மஞ்ச வண்டி," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததைப் போல, நடந்ததைச் சொன்னான். படத்தைப் போட்டு மனைவியையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறான். வண்டி வந்ததும், இது ஏதோ ஆரம்பம், கிடங்கிலிருந்து ரயிலுக்குப் போவார்கள் என்று மகளிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள் இருவரும் பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

"நான் கடைசி வரைக்கும் பாத்தேன்க்கா. மறுபடியும் மொதல்லேர்ந்து போட்டுப் பாத்தேன். அப்பா குரல் இருக்குன்னு நீ மேடையில சொன்னியே. எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு பாத்துட்டே இருந்தேன்."

பிறகு, தன்னுடைய டிஸ்க் மட்டும் தப்பாக வந்ததா, எல்லோருக்கும் இப்படியா என்று தெரிந்துகொள்ளத்தான் நாலு பேரைக் கேட்டிருக்கிறான். எல்லோருக்கும் தப்பாக வந்திருந்தால் அக்கா தாங்கமாட்டாள், மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறான். கேட்ட ஒவ்வொருவரும் படம் பிரமாதம், அழுகை வந்துவிட்டது என்றார்கள். பெரியண்ணன் இரண்டு தடவை அழுததாகச் சொன்னார். அப்புறம் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"அன்னைக்கு நீ எதுக்குடா வந்த?" என்று கேட்டாள்.

"எனக்கு மட்டும் மாறி வந்துருச்சு போல, வேற ஒண்ணு குடு அக்கான்னு கேக்க வந்தேன்."

பட்டறைக்கு வெளியே ஒரு லாரி நின்று ஹாரன் அடித்தது. அவள் மரப்பெட்டியில் உட்கார்ந்து அழுதாள். மன்னிச்சுக்கோ என்று சொன்னாள். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று சொல்லும்போதே தெரிந்தது. அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். தேற்றவில்லை, போனதெல்லாம் போகட்டும் என்றும் சொல்லவில்லை. அவன் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க அவளுக்கு என்ன யோக்கியதை?

கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் கேட்டான், அவள் போட்டுப் பார்க்கவே இல்லையா என்று. அவள் இல்லை என்றாள். அவன் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் கூட அவள் தாங்கியிருப்பாள்.

"நெஜப் படம் எங்கக்கா? அத இப்பவாவது பாக்கலாமா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியர், ஹார்ட் டிஸ்க், தொடர், அறுந்துபோன கேசட். சொல்லச் சொல்ல அவன் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தான். மடிக்க இடமில்லாமல் போனதும் பிரித்து மறுபடியும் மடித்தான்.

முன்னோட்டம் மட்டும் அவள் போனில் இருந்தது. யாராவது கேட்டால் காட்ட என்று வைத்திருந்தாள். அதை எடுத்து ஓடவிட்டு அவனிடம் கொடுத்தாள். விழா நடந்த அன்று அவனுக்கு வேலை. முன்னோட்டம் முடிந்த பிறகுதான் கூடத்துக்கு வந்தான், பின்வரிசையில் நின்று அவள் பேச்சைக் கேட்டுவிட்டு டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனான். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இருட்டு. சிவப்பு விளக்கு. நடுங்கும் கை, அது சம்பளத்துக்கு வந்த ஒரு நடிகரின் கை. தண்டவாளம். அப்புறம் அப்பா செருமினார். கேட்டு எத்தனை வருஷமான செருமல். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"அன்னைக்கு நடந்தது என்னன்னா..."

திரை கறுத்தது. அவன் போனைக் கீழே வைக்கவில்லை. கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மீதி?"

"இவ்வளவுதான்டா இருக்கு. நான்தான் அந்த எடத்துல வெட்டுனேன்."

அப்பா என்னதான் சொன்னார், உனக்கு ஞாபகம் இருக்குமே என்று அவன் கேட்பான், வாய்வழியாகவாவது அவனுக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. போனைச் சட்டையில் துடைத்துவிட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தான். கவிழ்த்துப் போட்டிருந்த ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தீக்குச்சியைத் தேடினான். முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை.

"நல்லா இருக்குக்கா," என்றான். "அந்த வெளக்கப் புடிச்ச கை ரொம்ப நல்லா இருக்கு. கண்ணே கலங்கிடுச்சு."

பிறகு பற்றவைக்கும் தீயை ஏற்றினான். அந்த இரைச்சலில் அதற்கு மேல் பேச முடியாது. அவள் டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.